ஒரே கச்சேரி, இரண்டு பிரதி: எதை வைத்து விமர்சனம் எழுதுவது?

காவேரிக்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஊர் ரசிகர் வட்டம் மாதம் ஒரு சிற்றிதழ் கொண்டுவருகிறது. பழைய கர்நாடக சங்கீதப் பதிவுகளை ஒவ்வொன்றாக எடுத்து விமர்சனம் எழுதும் பகுதியை இந்த முறை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். முதல் கட்டுரைக்கு, கனத்த குரலுக்கும் நிதானத்துக்கும் பேர்போன எம்.டி.ராமநாதனின் ஒரு சபா கச்சேரியை எடுத்துக்கொண்டேன். உறவினர் ஒருவர் வைத்திருந்த கேசட்டிலிருந்து கணினிக்கு மாற்றிய பதிவு அது. ஒரு மணி 28 நிமிடம் ஓடுகிறது.

கட்டுரையை எழுதி, அச்சுக்குப் போகும் முன் வட்டத்தில் மூத்த ரசிகர் ஒருவரிடம் காட்டினேன். "குரலில் வழக்கமான கனம் இல்லை, காலப்பிரமாணமும் (பாடும் வேகம்) அவருக்குக் கொஞ்சம் விறுவிறுப்பு" என்று நான் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, தன்னிடம் இருக்கும் அதே கச்சேரியின் பிரதியைப் போட்டுக் காட்டினார். அதே உருப்படிகள், அதே வரிசை, அதே இடத்தில் அதே கைதட்டல். ஆனால் குரல் இன்னும் கீழே, இன்னும் நிதானம். அது ஒரு மணி 33 நிமிடம் ஓடுகிறது. என்னிடம் இருப்பதில் ஏதோ வெட்டுப்பட்டிருக்கும் என்று தேடினேன். அப்படி எதுவும் கிடைக்கவில்லை.

இப்போது என் கேள்விகள். இரண்டில் எது உண்மையான ராமநாதன் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஒலித்தரத்தைப் பற்றி விமர்சனத்தில் எவ்வளவு எழுதலாம்? இன்னொன்றும் மனதை உறுத்துகிறது. இரண்டு இடங்களில் அவருடைய குரல் பிசகுவது தெளிவாகக் கேட்கிறது. வித்வான் இன்று இல்லை. அந்தப் பதிவு வெளியீட்டுக்காகச் செய்ததும் இல்லை. அதை எழுதுவது முறையா?

---

பைரவிப்பித்து எழுதியது:

காவேரிக்கரை, நீங்கள் ரொம்பக் குழப்பிக்கொள்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நாடா கொஞ்சம் வேகமாக ஓடினாலும் ஹிந்தோள ராகம் ஹிந்தோளம்தான். ஸ்வரங்களுக்குள் இருக்கும் இடைவெளி மாறாது, கமகம் (ஸ்வரத்தின் அசைவு) மாறாது, சாகித்தியம் (பாட்டின் சொற்கள்) மாறாது. ரசிகனுக்கு வேண்டியது அந்தக் கச்சேரி உங்கள் மனதை என்ன செய்தது என்பது. அதை எழுதுங்கள். ஒலிப்பதிவு விஷயங்களைப் போட்டால் பாதிப் பேர் பக்கத்தைத் திருப்பிவிடுவார்கள்.

பிசகைப் பற்றி என்னுடைய கருத்து: எழுதவே வேண்டாம். ராமநாதனைக் கேட்பவர்கள் அதற்காகக் கேட்பதில்லை.

---

ஒலிநாடா எழுதியது:

காவேரிக்கரை அவர்களுக்கு, நான் வானொலியில் ஒலிப்பதிவுப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பாடத் தெரியாது. ஆனால் பாடுகிறவர்களுக்கும் கேட்கிறவர்களுக்கும் நடுவில் இருக்கும் அந்த நாடாவோடுதான் என் வாழ்க்கை போயிற்று. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பிரதியில் எதுவும் வெட்டுப்படவில்லை. 93ஐ 88ஆல் வகுத்துப் பாருங்கள், ஏறக்குறைய 1.057 வரும். சுருதி அரைக்கட்டை, அதாவது ஹார்மோனியத்தில் ஒரு படி, ஏறுவதற்கு வேகம் கிட்டத்தட்ட 6 சதவீதம் கூடினால் போதும். ஆக, உங்கள் பிரதி மற்றதைவிட ஏறக்குறைய அரைக்கட்டை மேலே ஓடுகிறது. சந்தேகம் இருந்தால் ஒரே உருப்படியை இரண்டிலும் எடுத்து, பல்லவியின் முதல் எழுத்திலிருந்து முடியும் எழுத்துவரை நேரம் பாருங்கள். ஒன்றில் 11 நிமிடம் 40 விநாடி வந்தால் மற்றதில் 12 நிமிடம் 20 விநாடியை ஒட்டி வர வேண்டும். எந்த உருப்படியை எடுத்தாலும் இதே விகிதம் வந்தால், முழுக்க முழுக்க வேக வித்தியாசம்தான். ஒன்றில் மட்டும் விகிதம் தப்பினால், அங்கே வெட்டு இருக்கிறதா என்று தேடலாம்.

இதனால் எது சரியான வேகம் என்று தெரியாது; இரண்டும் ஒன்றல்ல என்பது மட்டும்தான் தெரியும். சரியானதைத் தேட ஒரு நல்ல வழி இருக்கிறது. பழைய பதிவுகளில் பெரும்பாலும் அடியில் "ம்ம்ம்" என்று ஒரு மின்சார இரைச்சல் ஓடிக்கொண்டிருக்கும். நம் நாட்டில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஆடாசிட்டி என்ற மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. பாட்டு ஆரம்பிக்கும் முன் தம்புரா மட்டும் கேட்கிற பத்து இருபது விநாடியைத் தேர்ந்தெடுத்து அதன் ஸ்பெக்ட்ரம் வரைபடத்தை (எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஒலி என்று காட்டுவது) பாருங்கள். அளவு என்ற இடத்தில் 65536 என்று வைக்கவேண்டும்; சின்ன அளவில் 50க்கும் 53க்கும் வித்தியாசம் சரியாகத் தெரியாது. 50இல் ஒரு முள் நின்றால் வேகம் சரி. 53இல் நின்றால் நாடா 6 சதவீதம் வேகமாக ஓடியிருக்கிறது. 100, 150 ஆகிய இடங்களையும் பாருங்கள். 150 என்பது 158, 159 என்று தள்ளி நிற்கும்போது இன்னும் தெளிவாகத் தெரியும்.

இதில் இரண்டு எச்சரிக்கைகள். அந்தக் காலத்து மின்சாரம் எப்போதும் 50இலேயே நின்றதில்லை, கொஞ்சம் இறங்குவது சாதாரணம். ஒரு ஹெர்ட்ஸ் இறங்கினால் கணக்கு 2 சதவீதம் தவறும். அப்புறம், பிரதி எடுத்த இயந்திரமும் தன் பங்குக்கு ஒரு இரைச்சலைச் சேர்த்திருக்கும். 53இல் ஒன்று, 50இல் ஒன்று என்று இரண்டு முள் இருந்தால், பெரும்பாலும் 53 தான் கச்சேரியோடு வந்தது, 50 பிரதி எடுத்த வீட்டில் ஒட்டிக்கொண்டது. ஒற்றை முள்ளைப் பார்த்ததும் முடிவு கட்டிவிட வேண்டாம்.

அடுத்து, கச்சேரியின் தொடக்கத்து ஷட்ஜத்தையும் (ஆதார ஸ்வரமான 'ஸ') மங்களத்து ஷட்ஜத்தையும் ஒப்பிடுங்கள். சபாவில் மடியில் வைத்து எடுத்த பதிவுகள் பல பேட்டரியில் ஓடியவை. பேட்டரி தளரத் தளர மோட்டார் மெதுவாகும். மெதுவாகப் பதிந்ததைச் சரியான வேகத்தில் போட்டால் சுருதி ஏறும். இப்படிப்பட்ட பதிவில் வர்ணம் ஒரு சுருதியிலும் கடைசித் துக்கடா அதற்கு மேலேயும் இருக்கும். பாடகர் போகப் போக சுருதியைக் கூட்டினார் என்று நினைத்துவிடக் கூடாது. ஆனால் புன்னாகவராளி, நாதநாமக்கிரியை, குறிஞ்சி போன்ற ராகங்களை மத்தியம சுருதியில் ('ம'வை ஆதாரமாக வைத்து) பாடுவது வழக்கம். அது நாடாவின் குற்றம் இல்லை, சம்பிரதாயம். அந்த இடங்களை விட்டுவிட்டு ஒப்பிடுங்கள்.

பைரவிப்பித்து சார் சொன்னதில் ஒரு பகுதி முழு உண்மை. ஸ்வரங்களின் உறவு மாறாது, ராகத்துக்குச் சேதம் இல்லை. ஆனால் மாறுகிற இரண்டு விஷயங்கள்தான் ராமநாதனின் சங்கீதமே. ஒன்று குரலின் கனம். நாடா வேகமானால் சுருதி மட்டும் ஏறாது, குரலின் உடம்பே மெலிந்துவிடும். ஆண் பாடகர்கள் பலர் 1 கட்டையை ஒட்டிப் பாடிய காலத்தில் அதற்கு நன்றாகக் கீழே இறங்கி, மந்தர ஸ்தாயியில் (கீழ்க் குரலில்) வீடு கட்டிக் குடியிருந்தவர் அவர். இன்னொன்று காலப்பிரமாணம். 'சாமஜ வரகமனா'வைப் பலர் மத்திம காலத்தில் ஓட்டிவிட்டுப் போவார்கள். அவர் அதை நிறுத்தி, ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் மௌனத்தை விட்டு, அந்த மௌனத்திலும் ஹிந்தோளம் கேட்கும்படி பாடுவார். அந்த இடைவெளியில் 6 சதவீதம் போனால் போவது சின்ன விஷயம் இல்லை. டைகர் வரதாச்சாரியாரின் சிஷ்யர், தன் கீர்த்தனைகளில் 'வரததாச' என்று முத்திரை வைத்தவர். அவருடைய விளம்பத்தை (நிதான நடையை) ஒரு கேசட் மோட்டார் தீர்மானிக்க விடலாமா?

வேகத்தைத் தவிர இன்னும் சிலவற்றையும் பார்க்கவேண்டும். பதிவு எந்த ஊடகத்துக்காகச் செய்யப்பட்டது என்பது முக்கியம். நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் பழைய இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று, மூன்றரை நிமிடம்தான். பாடகர் ஜி.என்.பாலசுப்ரமணியத்தின் 'வாசுதேவயனி' தட்டில் கேட்கும் பரபரப்பில் அவருடைய பிருகாவுக்கு (அதிவேக ஸ்வர ஓட்டத்துக்கு) உள்ள பங்கு ஒன்று, கடிகாரத்துக்கு உள்ள பங்கு ஒன்று. விமர்சகர் இரண்டையும் பிரித்துச் சொல்லவேண்டும். நாதஸ்வர வித்வான் டி.என்.ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ராகத்தைப் பற்றிக் கதைகதையாகச் சொல்வார்கள். தட்டில் இருப்பது சில நிமிடங்களில் இறுக்கிக் கட்டிய தோடி. அதை வைத்து அவருடைய ராக விஸ்தாரத்தை அளக்க முடியாது. ஆனால் ஒரு வாக்கியத்தை எப்படித் தொடங்கி எப்படி முடிக்கிறார் என்பதை அளக்கலாம், அதற்கு அந்தச் சில நிமிடமே ஏராளம். பாரி நாயனம் என்ற நீளமான நாதஸ்வரத்தின் அந்தக் கனமும் தட்டில் கேட்கிறது.

எல்.பி. தட்டு வந்ததும் ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல் இடம் கிடைத்தது. 60 நிமிடக் கேசட்டில் பக்கத்துக்கு 30 நிமிடம். வணிகக் கேசட்டுகளில் இந்த 30 நிமிடத்துக்குள் அடக்குவதற்காக வயலின் ஆலாபனையையும் தனி ஆவர்த்தனத்தையும் (தாள வாத்தியத்தின் தனி வாசிப்பு) எடுத்துவிடுவது நடந்திருக்கிறது. "பக்கவாத்தியத்துக்கு இடமே கொடுக்கவில்லை" என்று பாடகரைக் குறை சொல்லிவிட்டு, பிறகு முழு நாடா கிடைத்தால் என்ன செய்வோம்? வானொலிப் பதிவு இன்னொரு வகை. சனிக்கிழமை இரவு தேசிய நிகழ்ச்சி என்றால் ஒன்றரை மணி நேரத்துக்குள் எல்லாம். ஸ்டூடியோவில் எதிரே ரசிகர் இல்லை, "சபாஷ்" இல்லை. சிலருக்கு அந்த அமைதி கைகொடுக்கும், சிலருக்கு உற்சாகம் குறையும். ஒருவரின் வானொலிப் பதிவையும் சபாப் பதிவையும் ஒரே தராசில் வைக்கமாட்டேன்.

உறையில் எழுதியிருக்கும் தேதியையும் அப்படியே நம்பவேண்டாம். மைசூர் சௌடையா 1967இல் மறைந்தார். அவருடைய ஏழு தந்தி வயலின் கேட்கும் நாடாவில் "1970" என்று எழுதியிருந்தால் எழுதியவர் பின்னால் ஞாபகத்திலிருந்து எழுதியிருக்கிறார். எலக்ட்ரானிக் சுருதிப்பெட்டி பரவலாக வந்ததே 1980களில். அந்த ஒரே சீரான ஒலி பின்னால் கேட்டால், 60களின் கச்சேரி என்ற குறிப்பைச் சந்தேகிக்கலாம். உங்கள் பதிவில் தம்புரா தெளிவாகக் கேட்கிறதா? இல்லையென்றால் யாரோ இரைச்சல் நீக்கும் வேலை செய்திருக்கலாம். "ஸ்ஸ்" என்ற நாடா இரைச்சலை அதிகமாகத் துடைத்தால் தம்புராவின் மேல் நாதமும், குரல் அடங்கும் இடத்தின் கடைசி இழையும் கூடவே போய்விடும். சுத்தமாக இருக்கும், உயிர் இருக்காது. எனக்கு இரைச்சலோடு இருக்கும் பிரதியே மேல்.

இதையெல்லாம் கட்டுரையில் பக்கம் பக்கமாக எழுதச் சொல்லவில்லை. எந்தப் பிரதி, எவ்வளவு வேகம் திருத்தினேன், எது விடுபட்டிருக்கிறது என்று ஒரு பத்தி போதும். அப்புறம் முழுக்க சங்கீதத்தைப் பேசுங்கள்.

---

தொப்பிநாதம் எழுதியது:

ஒலிநாடா சாருக்கு நமஸ்காரம். மிருதங்கம் வாசிக்கிறவன் என்பதால் ஒன்றைச் சேர்க்கிறேன்.

விமர்சனங்களில் "மிருதங்கம் அடக்கமாக வாசிக்கப்பட்டது", "மிருதங்கம் பாட்டை அமுக்கிவிட்டது" என்றெல்லாம் படிக்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். பல சமயம் அது மைக் வைத்த இடத்தின் விளைவு. சபாவில் மைக்கை வலந்தலைக்கு (மிருதங்கத்தின் வலது முகம்) நேராக வைத்தால் சாப்பு என்ற கூரிய அடி மட்டும் காதைக் கிழிக்கும், தொப்பி (இடது முகம்) காணாமல் போய்விடும். கும்கியும் (தொப்பியில் இழுத்து எழுப்பும் நாதம்) தொப்பியும் இல்லாத மிருதங்கத்தைக் கேட்டுவிட்டு ஒருவருடைய வாசிப்பில் நாதமே இல்லை என்று எழுதினால் அது அநியாயம். மிருதங்க வித்வான் பாலக்காடு மணி ஐயர் கச்சேரியில் மைக் வைப்பதையே எதிர்த்தவர். மேடையில் நாங்கள் ஒருவரை ஒருவர் நேராகக் கேட்டு வாசிக்கும்போது வரும் அளவு வேறு, ஒலிபெருக்கி தீர்மானிக்கும் அளவு வேறு. அவர் கவலைப்பட்டது இதற்காகத்தான் என்று நான் புரிந்துகொள்கிறேன்.

கேட்கும் கருவியும் முக்கியம். கைபேசியின் சின்ன ஸ்பீக்கரில் தொப்பி வரவே வராது. நல்ல ஹெட்போனில் ஒருமுறை கேட்காமல் பக்கவாத்தியத்தைப் பற்றி ஒரு வரிகூட எழுதாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நல்ல பதிவு எப்படி இருக்கும் என்று காதைப் பழக்க, இராமநாதபுரம் கிருஷ்ணன் 1960களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் நான்சச் நிறுவனத்துக்காகப் பாடிய எல்.பி.யைக் கேளுங்கள். ரங்கநாதனின் மிருதங்கமும் நாகராஜனின் கஞ்சிராவும் தனித்தனியாகக் கேட்கும். பாட்டுக்கு அவர்கள் எங்கே ஒதுங்குகிறார்கள், எங்கே சேர்ந்துகொள்கிறார்கள் என்பதைச் சிரமமில்லாமல் தொடரலாம். அதைக் கேட்டபின் சபா நாடாவுக்கு வந்தால், இங்கே எது விழாமல் போயிருக்கிறது என்பது காதுக்கே தெரியும்.

காவேரிக்கரை, உங்களுக்குத் தாளம் போட வரும் என்றால் இன்னொரு சோதனை. வேகம் கூடிய நாடாவில் மிருதங்கத்தின் மீட்டுச் சொல் (நாதம் நீளும் அடி) சீக்கிரம் அடங்கிவிடும், 'தீம்' என்பது நீளாமல் வெட்டினாற்போல் நிற்கும். இயந்திரம் எதுவும் இல்லாமலே எங்களுக்கு அதில் பிடிபட்டுவிடும்.

---

காவேரிக்கரை எழுதியது:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. ஒலிநாடா சார் சொன்னபடி செய்தேன். என் பிரதியில் 53க்குச் சற்றுக் கீழே ஒரு முள், 50இல் இன்னொன்று. மூத்த ரசிகரின் பிரதியில் 50இல் மட்டும் ஒன்று, நன்றாக உயரமாக. உருப்படிகளின் நேர விகிதம் எல்லா இடத்திலும் ஒன்றாகவே வருகிறது. வர்ணத்துக்கும் மங்களத்துக்கும் சுருதி மாறவில்லை. தொப்பிநாதம் சார் சொன்ன 'தீம்' எனக்கு உடனே பிடிபடவில்லை. இரண்டு பிரதியையும் மாற்றி மாற்றிப் போட்டபோது தெரிந்தது.

கட்டுரையின் அந்தப் பத்தியை எடுத்துவிட்டேன். நிதானமான பிரதியில் கேட்டால் நான் மெலிவு என்று எழுதிய இடத்தில்தான் அவர் மிக ஆழமாக இறங்குகிறார்.

ஒரே ஒரு சங்கடம் மீதி. அந்த இரண்டு பிசகுகள். ஒன்று நிரவலில் (ஒரே வரியைப் பல விதமாக விரித்துப் பாடும் இடம்), மேல் ஷட்ஜத்தைத் தொடும்போது குரல் உடைகிறது. இன்னொன்று சரணத்தில் ஒரு வரியை மாற்றிப் பாடிவிட்டுத் திரும்பி வருகிறார். பைரவிப்பித்து சார் எழுதவே வேண்டாம் என்கிறார். மறைத்தால் அது விமர்சனமா என்று எனக்குத் தோன்றுகிறது.

---

ஒலிநாடா எழுதியது:

நல்ல வேலை செய்திருக்கிறீர்கள். நிதானமான பிரதியில் அந்த 50 கச்சேரி நடந்த இடத்தில் பதிந்ததாகவே இருக்கவேண்டும். வேகமான பிரதியில் 53ஐ ஒட்டி நிற்பதும் அதே முள்தான், நாடாவோடு சேர்ந்து மேலே போயிருக்கிறது. இரண்டு பிரதியும் ஒன்றுக்கொன்று சாட்சி சொல்லும்போது தைரியமாக எழுதலாம்.

பிசகைப் பற்றி. ஒரு நிறுவனம் வெளியிட்ட தட்டு என்றால், பாடகர் அதை ஒப்புக்கொண்டு வெளியே அனுப்பியிருக்கிறார். பிடிக்கவில்லை என்றால் மறுபடி பாடிக் கொடுக்க இடம் இருந்தது. அதில் இருப்பதைத் தாராளமாக விமர்சிக்கலாம். சபாவில் ஒரு ரசிகர் ஆசையாகப் பதிந்து வைத்த நாடா அப்படி இல்லை. அந்த மாலைக்கு வந்தவர்களுக்காக மட்டும் பாடியது. காலையில் பயணம் செய்து வந்து பாடினாரா, தொண்டை சரியில்லையா, நமக்கு எதுவும் தெரியாது. அதனால் குரல் உடைந்ததைத் தனியாக எடுத்து மதிப்பெண் குறைக்காதீர்கள். ஆனால் மறைக்கவும் வேண்டாம். குரல் உடைந்த பின் அவர் என்ன செய்தார் என்று கேளுங்கள். அதே ஷட்ஜத்துக்கு மறுபடி போனாரா, கீழேயே நின்று நிரவலை முடித்தாரா, வயலின்காரர் அந்த இடத்தைத் தாங்கிப் பிடித்தாரா? அங்கேதான் சங்கீதம் இருக்கிறது. அதை எழுதும்போது பிசகும் தானாக இடம் பெற்றுவிடும், மரியாதையும் போகாது.

வரி மாறியது வேறு விஷயம். அது மறதியா, பாடாந்தரமா (குரு வழியில் வந்த வேறு பாடம்) என்று முதலில் பாருங்கள். ஒரே தியாகராஜ கீர்த்தனையைச் சிஷ்ய பரம்பரைக்குப் பரம்பரை சங்கதிகளிலும் வரி அமைப்பிலும் வேறாகப் பாடுவது உண்டு. அவர் அதே கீர்த்தனையைப் பாடிய வேறு இரண்டு பதிவு கிடைத்தால் ஒப்பிடுங்கள். எல்லாவற்றிலும் அப்படியே பாடினால் அது பாடம். இதில் மட்டும் என்றால் அந்த நேரத்து மறதி, அதற்கு அரை வரிக்கு மேல் இடம் கொடுக்கத் தேவையில்லை. தீட்சிதர் கீர்த்தனை என்றால் சுப்பராம தீட்சிதர் 1904இல் எட்டயபுரத்திலிருந்து வெளியிட்ட ஸ்வரக் குறிப்புகள் இருக்கின்றன, அதோடு வைத்துப் பார்க்கலாம். ஆனால் புத்தகத்தில் இல்லாததெல்லாம் தவறு என்று முடிவுக்கு வரவேண்டாம்.

இன்னொன்று சொல்லத் தோன்றுகிறது. கல்கி 'கர்நாடகம்' என்ற பெயரில் ஆனந்த விகடனில் எழுதிய காலத்தில், படிக்கிறவர் அந்தக் கச்சேரியை மறுபடி கேட்க முடியாது. எழுதியவர் சொல்வதுதான் கச்சேரி. அதனால் அவர் கூட்டத்தையும் மேடையையும் முகபாவத்தையும் சேர்த்து எழுதி அந்த மாலையையே கொடுக்கவேண்டியிருந்தது. உங்கள் வாசகர் அப்படி இல்லை. உங்கள் கட்டுரையைக் கையில் வைத்துக்கொண்டே அதே பதிவைப் போடப்போகிறார். "தேனினும் இனிய", "தெய்வீகமான" என்றெல்லாம் எழுதினால் அவருக்கு எந்த உபயோகமும் இல்லை. "41ஆவது நிமிடத்தில் அனுபல்லவியை இரண்டாம் முறை எடுக்கும்போது ஒரு சொல்லை விட்டுவிட்டு மிருதங்கத்தைப் பேச விடுகிறார்" என்று எழுதுங்கள். அவர் 41ஆவது நிமிடத்துக்குப் போவார். உங்களோடு ஒத்துப்போவார் அல்லது சண்டைக்கு வருவார். இரண்டும் நல்லதுதான். நிமிடத்தைக் குறிக்கும்போது எந்தப் பிரதியின் நிமிடம் என்பதையும் போட்டுவிடுங்கள், இல்லையென்றால் 88 நிமிடப் பிரதி வைத்திருப்பவர் தேடிக்கொண்டிருப்பார்.

வேகமான பிரதியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அந்தக் கேசட் பத்திரமாக இருக்கட்டும், அதில் வேறு எந்தப் பகுதியாவது தெளிவாக இருக்கலாம். கணினியில் வேகத்தைத் திருத்தும்போது சுருதியும் காலமும் சேர்ந்து இறங்கும் முறையில் திருத்துங்கள். சுருதியை மட்டும் மாற்றும் வசதியும் மென்பொருளில் உண்டு, அதைத் தொடாதீர்கள். நாடாவில் இரண்டும் ஒன்றாகத்தான் ஏறின, ஒன்றாகத்தான் இறங்கவேண்டும். திருத்தாத மூலக் கோப்பையும் தனியாக வைத்திருங்கள்.

ஒரு வேண்டுகோள். மூத்த ரசிகரின் பிரதியில் தனி ஆவர்த்தனம் முழுதாக இருக்கிறதா? மிருதங்கம் யார் என்று நீங்கள் எழுதவில்லை. தொப்பிநாதம் சாரும் நானும் அதைக் கேட்க ஆசைப்படுகிறோம். அவர் சம்மதித்தால் மட்டும் சொல்லுங்கள்.